ஒரு முழ மண்

ஊருக்கு ஊர் எல்லைக்கல் நடுகிற வழக்கம் வருவதற்கும் முன்னால் நடந்தது இது. பெரியவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், சிறியவர்கள் நின்றுகொண்டே கேட்டாலும் சரி. சிரிக்க வைக்கிற கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

அந்தக் காலத்தில் செங்கோடன் என்றொரு மன்னன் இருந்தான். அவன் தலைநகரம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு மூன்று முறை கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. முதல் முறை கடைத்தெருவைக் கொண்டுபோனது. இரண்டாம் முறை யானைக் கொட்டாரத்தைக் கொண்டுபோனது. மூன்றாம் முறை அரண்மனைக்குள்ளேயே முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர்களில் ஈரம் வடியவில்லை. போர்வை நாறியது, நெல் நாறியது, மன்னனின் மெத்தையும் நாறியது.

கரையை உயர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு நாலைந்து வருடம் ஆகும், ஊரே சேர்ந்து மண் சுமக்க வேண்டும். மன்னனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "வேறு நல்ல இடமா இல்லை? பார்த்துப் போய்விடலாம்" என்றான். பெரிய இடத்து மனிதர்களுக்கு எப்போதும் இதுதான் எளிது.

அந்த நகரத்தில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். இடம் பார்ப்பது அவன் தொழில். கோயில் கட்டவா, குளம் வெட்டவா, சத்திரம் போடவா, எதற்கும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மண்வெட்டி, ஒரு மண்குடம், ஓர் அகல்விளக்கு. இந்த மூன்றும்தான் அவன் கருவிகள்.

மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் குழி தோண்டுவான். தோண்டிய மண்ணையே திரும்பக் குழிக்குள் போடுவான். மண் மிஞ்சினால் இடம் உத்தமம், சரியாக நிறைந்தால் மத்திமம், குழி நிறையாமல் குறைந்து நின்றால் ஆகாது. அடுத்து, அந்த இடத்துத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, மூன்று நாள், தினமும் மூன்று மடக்குக் குடித்துப் பார்ப்பான். கடைசியில், பொழுது சாயும் நேரம் வெட்டவெளியில் அகலை ஏற்றி வைப்பான். எண்ணெய் தீரும்வரை சுடர் நின்றால் நல்ல காற்று. மண், தண்ணீர், காற்று. மூன்றும் தேறினால்தான் சேந்தன் தலையை ஆட்டுவான்.

அவனிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்தந்த இடத்து மனிதர்கள் சொல்வது எதையும் அவன் நம்புவதில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. மண்வெட்டியோடு ஒருவன் வந்து குழி தோண்டினால் பின்னாலேயே மன்னனின் ஆட்கள் வருவார்கள் என்று எல்லா ஊருக்கும் தெரியும். அதனால் அவனைக் கண்டதும் ஊரே தன் மண்ணைத் திட்டத் தொடங்கிவிடும். "இங்க பாம்பு அதிகம்" என்பார்கள். "இங்க பேய் நடமாட்டம்" என்பார்கள். "இங்க பொறந்த புள்ள தங்காது" என்பார்கள். எல்லாம் பொய். இப்படிக் கேட்டுக் கேட்டுச் சேந்தனுக்குக் காது மரத்துப்போயிருந்தது. "மண் பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான்" என்று பெருமையாகப் பேசுவான்.

ஊருக்கெல்லாம் நல்ல இடம் பார்த்துக் கொடுத்தவனுக்கு வாய்த்த வீடு ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் இருந்தது. அவன் மனைவி நாச்சிக்கு மூச்சிரைப்பு. வெள்ளம் வந்த பிறகு அது கூடிவிட்டது. நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். சாய்ந்து படுக்க முடியாமல், சுவரில் தலையணையை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம்.

"காஞ்ச காத்து இருக்கிற இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போ. இந்த ஈரத்துல இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்குறது கஷ்டம்" என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மன்னன் சேந்தனைக் கூப்பிட்டனுப்பினான்.

"புதிய தலைநகரத்துக்கு இடம் பார்த்து வா. அங்கே முதல் வீடு எனக்கு. இரண்டாவது வீடு உனக்கு" என்றான்.

சேந்தன் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தான். "நாச்சி, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. நீ படுத்துத் தூங்குற மாதிரி ஒரு இடத்தை நான் கண்டுபிடிக்கிறேன்" என்றான்.

"எனக்காகன்னு எதையாவது இழுத்து வெச்சுக்காதீங்க" என்றாள் அவள். சேந்தன் அதைக் காதில் வாங்கினானா என்பது எனக்குத் தெரியாது.

புறப்பட்டான். முதலில் ஒரு மலையடிவாரத்துக்குப் போனான். மண் மிஞ்சியது. காற்றும் நன்றாக இருந்தது. ஆனால் குடத்துத் தண்ணீர் மூன்றாம் நாள் கசந்தது. அங்கிருந்து நகர்ந்தான்.

இரண்டாவதாக ஒரு களர்வெளிக்குப் போய்ச் சேர்ந்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்த தரை. போட்ட மண் குழியில் பாதிக்குக் கீழே போய் நின்றது. ஊற்றுத் தண்ணீரை முதல் நாளே வாயில் வைக்க முடியவில்லை. அகலை ஏற்றி வைத்துக் கையை எடுப்பதற்குள் உப்புப் புழுதி வந்து அணைத்துவிட்டது. மூன்றிலும் தோற்ற இடத்தை அவன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அங்கிருந்து அரை நாள் நடந்தான். திடீரென்று தரை பச்சையானது. வேம்பும் புங்கமும் பனையுமாக மேற்கே ஒரு மரவரிசை. அதற்கு இந்தப் பக்கம் தினைக் கொல்லை, அவரைப் பந்தல், ஒரு கிணறு, பன்னிரண்டு குடிசைகள். ஓடைக்குடி என்று அந்தச் சிற்றூருக்குப் பெயர்.

அரை நாள் நடைத் தொலைவில் அப்படி ஒரு களர், இங்கே இப்படி ஒரு பச்சையா என்று இடம் பார்ப்பவன் ஒருவன் யோசித்திருக்க வேண்டாமா? சேந்தன் யோசிக்கவில்லை. அவன் செய்த முதல் காரியம், மார் நிறைய ஒரு மூச்சு இழுத்துப் பார்த்ததுதான். நாச்சியின் ஞாபகம் வந்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

குழி தோண்டினான். மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. திரும்பப் போட்டான். குழி நிறைந்தது, குவிந்தது, அதற்கு மேலும் இரண்டு கூடை மண் மிஞ்சி நின்றது. அப்படி மிஞ்சி அவன் பார்த்ததே இல்லை.

மாராயி என்ற பெண்தான் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தலைமை. ஐம்பது வயது இருக்கும். கொல்லையிலிருந்து வந்து குழியைப் பார்த்தாள், மண்வெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். வந்த காரியம் புரிந்துவிட்டது. ஆனாலும் முதலில் ஒரு கலயம் தினைக்கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஐயா, அது நாங்க போட்ட மண்ணு" என்றாள் பிறகு. "இதுவும் ஒரு காலத்துல களர்தான். எங்க முன்னோருங்க பொழைக்க வழியில்லாம வந்து விழுந்த எடம் இது. கிழக்க ஏரி இருக்குது. அங்க போற யாரும் வெறுந்தலையா ஊருக்குள்ள வரக் கூடாது, ஒரு கூடை வண்டலோடதான் வரணும். சின்னது பெருசு எல்லாருக்கும் அதான் சட்டம். புதுசாக் கட்டிக்கிட்டு வர்ற பொண்ணு கூட ஒரு கூடையைக் கொட்டிட்டுத்தான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கும். ஏழு தலைமுறையாக் கொட்டி ஒரு மொழம் வந்திருக்குது."

சேந்தன் சிரித்துக்கொண்டான். பாம்புக் கதை கேட்டிருக்கிறான், பேய்க் கதை கேட்டிருக்கிறான். கூடைக் கதை அவனுக்குப் புதிது.

அவன் சிரிப்பை அவள் கவனித்தாள். "நம்பலைன்னா இன்னொரு வெட்டு வெட்டிப் பாருங்க. போட்ட மண்ணை அள்ளிட்டு, அதே குழியில, கீழே" என்றாள்.

சேந்தன் மண்வெட்டியை எடுத்துக் குழி மண்ணை அள்ளி ஒதுக்கினான். ஓங்கவும் செய்தான்.

அந்த ஒரு வெட்டு விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கீழே வெள்ளையாகக் களர் தெரிந்திருக்கும். அவன் அடுத்த ஊருக்குப் போயிருப்பான். ஆனால் ஓங்கிய கை நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கும் நாச்சியின் முகம் வந்து நின்றது. இன்னும் இரண்டு மழைக்காலம்! இந்த இடமும் இல்லையென்றால் அடுத்த இடம் எப்போது கிடைப்பது? மண்வெட்டியை இறக்கி, அதில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துப் போட்டான்.

"எங்க தொழில்ல ஒரு மொழம்தான் கணக்கு" என்றான்.

மூன்று நாள் அங்கேயே தங்கினான். தண்ணீர் மூன்று நாளும் இனித்தது. "வருசா வருசம் தூர் வாரி, அடியில நெல்லிக்கட்டையை மாத்திப் போடுவோம். விட்டா உவர்த்துடும்" என்றாள் மாராயி. அகல் எண்ணெய் தீரும்வரை எரிந்தது. "அந்த மரமெல்லாம் எங்க ஆளுங்க வெச்சது. மேக்கே இருந்து வர்ற உப்புப் புழுதியை அதுதான் தடுக்குது" என்றாள். தினமும் காலையில் ஏரிப் பக்கமிருந்து ஆணும் பெண்ணும் தலையில் கூடையோடு வரிசையாக வந்ததை அவன் கண்ணாலேயே பார்த்தான். பார்த்துவிட்டு, சுவர் பூச மண் எடுத்து வருகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கிளம்பும்போது மாராயி கேட்டாள். "ராசாகிட்டே என்ன சொல்லப் போறீங்க ஐயா?"

"சும்மா பார்த்துட்டுப் போறேன். இதுல சொல்ல என்ன இருக்குது" என்றான். அன்று காலை அவள் கொடுத்த கூழ் அப்போதும் அவன் வயிற்றில் இருந்தது.

மன்னன் சபையில் மூன்று கேள்வி கேட்டான்.

"மண்?"

"உத்தமம், மன்னா."

"தண்ணீர்?"

"உத்தமம்."

"காற்று?"

"உத்தமம்."

பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவனாக, "யாராவது இருக்கிறார்களா அங்கே?" என்றான்.

"பன்னிரண்டு குடிசை" என்றான் சேந்தன். மாராயி சொன்னதைச் சொல்ல அது நல்ல நேரம். வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டான்.

"பன்னிரண்டு குடிசைதானே. அவர்களுக்கும் நீயே ஓர் இடம் சொல்லிவிடு" என்றான் மன்னன்.

யாருக்கும் வேண்டாத இடம் எது? சேந்தனுக்கு ஒன்றுதான் தெரியும். களர்வெளியைச் சொன்னான். சொன்ன நாக்கு அழுகிவிடவில்லை. அப்படியெல்லாம் உடனுக்குடன் நடக்காது என்பதுதான் உலகத்தில் பெரிய துயரம்.

ஓடைக்குடியைக் காலி செய்த அன்று வழிகாட்டச் சேந்தனும் போக வேண்டியிருந்தது. வேலேந்திய காவலர் இருபுறமும் நிற்க, பன்னிரண்டு குடும்பமும் நடந்தது. சட்டி பானையை விட்டாலும் விட்டார்கள், கூடையை யாரும் விடவில்லை. ஆளுக்கொரு கூடை தலையில் இருந்தது. மாராயியின் கணவன் கண்பார்வை இல்லாதவன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

சேந்தனுக்கு எதிரே வந்ததும் அவள் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நான் சொன்னதைப் பொய்யின்னு நெனச்சுத்தான் செஞ்சீங்களா, இல்ல மெய்யின்னு தெரிஞ்சே செஞ்சீங்களா?"

சேந்தன் தரையைப் பார்த்தான். காவலன் ஒருவன் அவளை முன்னே தள்ளினான்.

புதிய நகரம் எழுந்தது. சொன்ன சொல் தவறாமல் மன்னன் இரண்டாவது வீட்டைச் சேந்தனுக்குக் கொடுத்தான். நாச்சி அந்த வீட்டுக்கு வந்த ஏழாம் நாள், பாய் விரித்து, காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். சேந்தன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மார்பு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த ஒரு வருடம் அவனுக்குக் குறை என்று எதுவும் இல்லை. களர்வெளி ஞாபகம் வந்தால் எழுந்து வேறு வேலையைப் பார்ப்பான்.

இரண்டாம் வருடம் அரண்மனைக்கு மேல்தளம் போட வேண்டும் என்றார்கள். உத்தரத்துக்கு மேற்கு மரவரிசையை வெட்டினார்கள். செங்கலுக்கு மண் வேண்டும் என்றார்கள். கொல்லையில் இருந்த ஒரு முழக் கறுப்பு மண்ணைச் சுரண்டிச் சூளையில் வைத்தார்கள். சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் வேண்டும், யானைக்குத் தண்ணீர் வேண்டும், நீராழி மண்டபத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். கிணற்றை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். தூர் வார ஒருவரும் இறங்கவில்லை. நெல்லிக்கட்டை என்று ஒன்று அடியில் கிடப்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மன்னன் கேட்பானே!

மூன்றாம் வருடம் கோடையில் மேற்கேயிருந்து உப்புப் புழுதி எழுந்தது. தடுக்க ஒரு மரம் இல்லை. தரையெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்தது. கிணறு உவர்த்தது. நாச்சி பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆற்றங்கரை ஈரமாவது மெல்லத்தான் கொன்றது. இந்தப் புழுதி அவளை ஒவ்வொரு மூச்சுக்கும் உலுக்கியது.

ஒரு நாள் அவள் கேட்டாள். "ஏங்க, நாம வந்தப்போ இந்த எடம் எப்படி இருந்துச்சு! முன்னாடி இங்க இருந்தவங்க என்ன பண்ணி வெச்சிருந்தாங்க? அவங்க இப்ப எங்க?"

மூன்று வருடமாக மூடி வைத்திருந்ததை அன்று அவன் சொன்னான். கூழைச் சொன்னான், கூடையைச் சொன்னான், ஓங்கி நின்ற மண்வெட்டியைச் சொன்னான். சொல்லி முடித்தபோது அழுதான்.

நாச்சி அழவில்லை. நெடுநேரம் மூச்சு வாங்கினாள். "என் மூச்சைக் காட்டி இதைச் செஞ்சிருக்கீங்க" என்றாள். "இனி இந்த வீட்டுல எனக்கு ஒரு மடக்குத் தண்ணிகூட எறங்காது. என்னை அவங்ககிட்டக் கூட்டிட்டுப் போங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்."

அவளை வண்டியில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனான். உள்ளுக்குள் அவனுக்கு ஒரு நப்பாசை. ஓடைக்குடிக்காரர்கள் கைபட்ட இடமாயிற்றே, களர்வெளியும் இதற்குள் பசுமையாகியிருக்கும், நாச்சி பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டே போனான்.

மூன்று வருடத்தில் ஏழு தலைமுறை வேலை நடந்துவிடுமா? களர்வெளி களராகத்தான் கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், நாலு பாய் விரிக்கிற அகலத்துக்கு, கறுப்பு மண் விரல்கடை உயரத்துக்குக் கிடந்தது. அதில் கொஞ்சம் கீரை நின்றது. மேற்கே நட்ட வேப்பங்கன்றுகள் இடுப்பளவுதான் வந்திருந்தன. பன்னிரண்டு குடிசை இருந்த கணக்கில் ஒன்பதுதான் இருந்தது. முதல் கோடையைத் தாண்டாதவர்கள் பலர். மாராயியின் கணவன் அவர்களில் ஒருவன்.

மாராயி வந்தாள். அவனைப் பார்த்தாள். முகம் இறுகியது. பிறகு வண்டிக்குள் நாச்சி மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தாள். அவளைத் தன் குடிசைக்குத் தூக்கிப் போனாள்.

நாச்சி ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விட்டு விட்டுப் பேசினாள். "நீங்க இழந்ததுக்கு நான்தான்... காரணம். தெரியாது எனக்கு. தெரிஞ்சிருந்தா... வந்திருக்க மாட்டேன்."

"பேசாதே தாயி. முதல்ல மூச்சை இழு" என்றாள் மாராயி.

களர்வெளியில் புழுதியைத் தடுக்க இன்னும் மரம் வளரவில்லை. புதிய நகரத்தில் ஒரு காலத்தில் மரம் இருந்து, இப்போது இல்லை. ஈரம் இல்லாத, புழுதி இல்லாத இடம் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாச்சியைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய அந்த ஓர் இடத்தைச் சேந்தன்தான் மன்னனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டி அழித்திருந்தான். அது அவனுக்கு அன்று முழுதாகப் புரிந்தது. இனி புரிந்து என்ன?

பதினோராம் நாள் நாச்சி இறந்தாள். உட்கார்ந்தபடியே இறந்தாள். ஓடைக்குடிப் பெண்கள்தான் குளிப்பாட்டினார்கள். ஆண்கள்தான் குழி வெட்டினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சேந்தன் மாராயி முன்னால் போய் நின்றான்.

"அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை தாயி. பொய்யின்னும் நெனைக்கலை, மெய்யின்னும் தெரிஞ்சுக்கலை. தெரிஞ்சுட்டா விட்டுட்டுப் போகணுமேன்னு தெரிஞ்சுக்காமலே இருந்துட்டேன். என்னை எதுவேணா பண்ணு."

"உன்னைப் பண்ணி எனக்கு யாரு திரும்பி வரப் போறாங்க?" என்றாள் அவள். 'ஐயா' போய் 'நீ' வந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவள் ஏரிக்குக் கிளம்பினாள். இந்த இடத்திலிருந்து ஏரி இன்னும் தூரம். போனால் பொழுது சாயத்தான் திரும்ப முடியும். சேந்தன் வாசலில் கிடந்த கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். வா என்று அவள் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அப்படி ஒரு வருடம் போயிற்று. ஒரு நாள் அரண்மனைத் தூதன் குதிரையில் வந்து இறங்கினான்.

"அந்த நகரமும் பாழாய்ப் போய்விட்டது. மன்னருக்கு வேறு இடம் வேண்டுமாம். உன்னைக் கூப்பிடுகிறார். இந்த முறை உனக்கு வீடு மட்டும் இல்லை, ஊரே தருவாராம்" என்றான்.

சேந்தன் தலையிலிருந்த கூடையை இறக்கவில்லை. "எந்த இடமா இருந்தாலும் உங்க ராசாவுக்கு மூணு வருசம்தான். அவரே ஒரு கூடை மண்ணு சுமக்கட்டும். அப்ப இருக்கிற இடமே போதும். இதை அப்படியே போய்ச் சொல்லு" என்றான்.

தூதன் சிரித்தான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று போய்ச் சொன்னான். நாட்டில் இடம் பார்ப்பவன் ஒருவன்தானா? வேறொருவன் கிடைத்தான். அவனும் ஒரு முழம்தான் தோண்டினான். அந்த இடத்திலும் இருபது குடிசை இருந்ததாம்.

அடுத்த மாதம் களர்வெளிப் பாதையில் வேல்களின் மினுக்கம் தெரிந்தது. நடுவே ஒரு கூட்டம், மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் வேண்டாத இடம் என்று மன்னனுக்கும் இந்த ஒன்றுதான் தெரியும். காவலர் அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கூட்டத்தின் முன்னால் நின்றவன் நடுத்தர வயதுக்காரன். அழுது வீங்கிய கண்ணோடு சுற்றும் முற்றும் பார்த்தான். பக்கத்தில் நின்ற சேந்தனிடம், நம்பிக்கையோடு கேட்டான்.

"அண்ணே, இது நல்ல எடமா?"

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவன் சேந்தன். உத்தமம் என்று சொல்லிச் சொல்லி வீடு வாங்கியவன். அந்த மனிதனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

"இல்லைப்பா. மண்ணு களரு, தண்ணி உப்பு, காத்துல புழுதி. மொதக் கோடையில உங்கள்ல சில பேரு போயிடுவீங்க. உங்க பேரப்புள்ளைங்களுக்கு வேணா இது கொஞ்சம் நல்ல எடமா இருக்கும்."

சொல்லிவிட்டு, அந்த மனிதனின் தோளிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே இறக்கி வைத்தான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஓர் இடத்தை நல்ல இடமாக்குவது அங்கே வாழ்கிறவர்களின் கைகள்தான், அவர்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தை மட்டும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.